மத்தியானத்தில் மிஞ்சும் கரண்ட்: எங்கள் கம்பிகளின் கதை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு நடந்தது. டீசல் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லை. அந்த இருட்டுக்குள் சனம் வீதிக்கு வந்தது. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

சரியாக மூன்று வருடம் கழித்து, 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், அதே மின்சார சபை இன்னொரு வேண்டுகோள் விட்டது. ஏப்ரல் 13 இலிருந்து 21 வரை, பிற்பகல் 3 மணி மட்டும், கூரையில் சோலார் பூட்டியிருக்கிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கோ எண்டு. காரணம், கரண்ட் மிஞ்சிப் போச்சு.

முதலில் கரண்ட் இல்லை, பிறகு கரண்ட் கூடிப் போச்சு. இதை வைத்து முகநூலில் நிறையப் பகிடி வந்தது. ஆனால் இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் இருக்கிற பொருளைப் பற்றி அவ்வளவாக யாரும் கதைக்கவில்லை. அது கம்பி. எங்கள் ஒழுங்கை முடக்கில் நிற்கிற போஸ்ட், அதில் தொங்குகிற ட்ரான்ஸ்போமர், அங்கிருந்து வீட்டுக்கு இழுத்த வயர். இவை எப்போது, யாருக்காக, என்ன கணக்கில் போடப்பட்டவை என்று பார்த்தால் புத்தாண்டு வேண்டுகோள் பகிடியாகத் தெரியாது. நூறு வருடத்து முடிவுகளின் கூட்டல் கணக்காகத் தெரியும்.

மேலிருந்து கீழே

இலங்கையில் மின்சார விநியோகம் தொடங்கியது 1895 இல், கொழும்பில். ஒரு ஹோட்டல் கட்டடத்துக்காக ஒரு தனியார் கம்பனி பூட்டிய சின்ன மெசின் அது. அதன் பிறகும் நீண்ட காலத்துக்கு மின்சாரம் என்றால் கொழும்பு, கண்டி, நுவரெலியா போன்ற நகரங்களின் விசயம்தான். அந்தந்த நகரத்துக்கு அந்தந்த மெசின், அதைச் சுற்றி நாலு தெருவுக்குக் கம்பி.

இதை மாற்ற நினைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். மலைநாட்டு ஆறுகள் விழுகிற உயரத்தை வைத்து இந்தத் தீவுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்பது அதன் சாரம். அன்றைய அரசாங்கத்துக்கு அவசரம் இருக்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலை பணமில்லை என்று நின்றது. அவர் அரசியலுக்கே வந்து, 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் இதையே கதைத்தார். கடைசியில் லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். முதல் கட்டம் 25 மெகாவாட். இன்றைய நிலையில் நடுத்தர அளவு சோலார் பண்ணை ஒன்றின் அளவு.

லக்சபானவோடு நாட்டின் மின்சாரத்துக்கு ஒரு வடிவம் வந்தது. மலையில் பெரிய மெசின், அங்கிருந்து உயர் அழுத்தக் கம்பி, நகர எல்லையில் கிரிட் உப நிலையம், பிறகு 33 ஆயிரம் அல்லது 11 ஆயிரம் வோல்ட் கம்பி, கடைசியில் ட்ரான்ஸ்போமர், வீட்டுக்கு 230 வோல்ட். மலையருவி மாதிரி, மேலிருந்து கீழே, ஒரே திசையில். கீழே இருக்கிறவரின் வேலை லைற்றைப் போடுவதும் மாதம் முடியப் பில் கட்டுவதும்.

மேலே இருந்ததெல்லாம் மேலே இருந்தவர்களுக்குக் கிடைத்தது என்றும் இல்லை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் எச்சம் இன்றைக்கும் வெளியே தெரியும். அந்தத் தண்ணீரில் பிறந்த கரண்ட் தோட்டங்களுக்கு மேலால் கொழும்புக்குப் போனது. கம்பிக்குக் கீழே இருந்த லயன் அறைகள் பலவற்றில் லைற் எரிய இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. உயர் அழுத்தக் கம்பி தலைக்கு மேலே போனால் கரண்ட் வந்துவிடாது. அதைக் கீழே இறக்க உப நிலையம், ட்ரான்ஸ்போமர், போஸ்ட் எல்லாம் வேண்டும். அந்தக் கடைசித் துண்டு யாருக்கு, எப்போது போகும் என்பது பொறியியலை விடக் கூடுதலாக அரசியல் தீர்மானித்த விசயம்.

கடைசித் துண்டு

1969 இல் இலங்கை மின்சார சபை உருவானது. அப்போதும் பல நகரங்களில் வீடுகளுக்குக் கரண்ட் கொடுத்தது உள்ளூராட்சி சபைகள்தான். அவை சபையிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றன. பல சபைகளிடம் கம்பியைப் பராமரிக்கக் காசில்லை. வழியில் இழக்கிற மின்சாரமும் களவு போகிறதும் கூடியது. வாங்கிய கரண்டுக்கே பணம் கட்ட முடியாமல் போனது. இதைத் திருத்தத்தான் 1983 இல் லெகோ என்று நாங்கள் சொல்கிற லங்கா மின்சாரக் கம்பனி தொடங்கியது. மேற்குக் கரையோர நகரங்களில் அது பழைய கம்பிகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டது. பிற்காலத்தில் மின் விநியோகத்துக்கு ஐந்து உரிமங்கள் இருந்தன. நான்கு மின்சார சபையின் பிராந்தியங்களுக்கு, ஒன்று லெகோவுக்கு.

இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கு. அணை கட்டினால் திறப்பு விழா நடக்கும், ஜனாதிபதி வருவார், முத்திரை வெளியிடுவார்கள். ட்ரான்ஸ்போமர் மாற்றினால் யாரும் வர மாட்டார்கள். 1980களில் மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் அடுத்தடுத்து எழும்பின. அந்த அணைகளின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். எங்கள் ஊர் உப நிலையம் எது என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

கம்பி அறுந்த காலம்

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்துக்குத் தெற்கிலிருந்து வந்த கரண்ட் நின்றது. பிறகு அந்தக் கம்பியும் கோபுரங்களும் போரில் அழிந்தன.

அடுத்த ஐந்து வருடத்தைப் பற்றி எங்கள் வீடுகளில் பெரியாக்களிடம் கேட்டுப் பாருங்கோ. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி போட்ட விளக்கில் ஓ.எல்., ஏ.எல். படித்தவர்கள் அவர்கள். பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். இதை வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கரண்டை ஆயுதமாக்கலாம் என்பதை ஒரு முழுச் சமூகமும் உடம்பால் தெரிந்துகொண்ட காலம் அது.

போருக்கு முன்பு வடக்கில் கரண்டைக் கூடுதலாக இழுத்தவை காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும். இரண்டும் போரில் மூடுண்டன. ஆகவே 1996 க்குப் பிறகு குடாநாட்டுக்குக் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது அதைக் கேட்டது வீடுகளும் கடைகளும் ஆஸ்பத்திரிகளும்தான். அதைக் கொடுத்தது டீசல் மெசின். அறுந்த தீவு மாதிரித் தனியாக ஓடிய ஒரு சின்னக் கட்டமைப்பு.

சின்னதாக, உள்ளூரில் இருந்தால் நல்லது என்று இப்போது பலர் சொல்கிறார்கள். சுன்னாகத்தைக் கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல ஏலாது. அங்கு ஓடிய தனியார் டீசல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் போனது. வற்றாத ஆறு இல்லாமல் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பி இருக்கிற குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய எண்ணெய் சின்ன விசயம் இல்லை. 2019 இல் உயர் நீதிமன்றம் அந்தக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கம்பி அறுந்ததன் விலையைக் கிணற்றுத் தண்ணீரிலும் கட்டினோம் என்பதுதான் இதன் அர்த்தம். போர் முடிந்த பிறகு வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று 132 ஆயிரம் வோல்ட் கம்பி திரும்ப இழுக்கப்பட்டு, குடாநாடு மீண்டும் நாட்டின் கட்டமைப்போடு சேர்ந்தது.

கம்பி வராத ஊர்களின் சோலார்

சோலார் என்றால் வசதியான வீட்டுக் கூரை என்று இன்றைக்கு நினைக்கிறோம். இலங்கையில் அது தொடங்கியது வேறு இடத்தில். 1990களின் கடைசியிலிருந்து உலக வங்கியின் கடனுதவியோடு, கம்பி போகாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சின்னப் பனலும் பற்றரியும் வாங்கின. நாலைந்து பல்ப், ஒரு சின்ன ரீவி. சப்ரகமுவப் பக்கத்தில் ஓடைகளில் சின்னச் சின்ன நீர் மின் நிலையங்களைக் கிராமத்தவர்களே சங்கம் அமைத்து நடத்தினார்கள்.

பிறகு கம்பி வந்தது. 2016 அளவில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் கரண்ட் என்ற நிலைக்கு நாடு வந்தது. தெற்காசியாவில் பெருமைப்படக்கூடிய சாதனை அது. ஆனால் கம்பி வந்த இடங்களில் பழைய பனல்கள் மூலைக்குப் போயின, ஓடை மெசின்கள் பல நின்றன. அவற்றைப் பெரிய கம்பியோடு சேர்த்துப் பயன்படுத்த அன்றைய திட்டத்தில் இடம் இருக்கவில்லை. கரண்ட் மேலிருந்துதான் வர வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் கடலைத் தாண்டிக் கம்பி போகவில்லை. அங்கு டீசல் மெசின்தான். அந்த மூன்று தீவுக்கும் சூரியன், காற்று, பற்றரி எல்லாம் சேர்ந்த கலப்பு மின் திட்டம் ஒன்றை 2021 இல் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியா எதிர்த்தது. பிறகு அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. நெடுந்தீவில் ஒரு வீட்டுக்கு இரவில் ஃபான் சுழலுமா என்பது பீஜிங்குக்கும் டெல்லிக்கும் இடையில் நின்றது. அந்த வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை.

சூரியன் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

இனித்தான் எங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமருக்கு வருவோம்.

2010 அளவில், வீட்டில் மிஞ்சுகிற சோலார் மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற திட்டம் தொடங்கியது. 2016 செப்டெம்பரில் 'சூரியபல சங்கிராமய' என்ற பெயரில் அது பெருத்தது. மிஞ்சும் ஒவ்வொரு அலகுக்கும் முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 20 வருடம் நிறையும் வரை 15 ரூபா 50 சதம் என்று அன்றைக்கு ஒரு கணக்கு. 2022 இருட்டுக்கும் அதற்குப் பிறகு ஏறிய கட்டணத்துக்கும் பிறகு, முடிந்தவர்கள் எல்லாம் பனல் பூட்டினார்கள். இப்போது கூரைச் சோலாரின் மொத்தக் கொள்ளளவு 1,000 மெகாவாட்டைத் தாண்டி விட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையம் முழுவதும் சேர்ந்து 900 மெகாவாட்.

இதில் எங்கே சிக்கல்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ட்ரான்ஸ்போமரில் 100 வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அயன், கேத்தல், மோட்டர் எல்லாம் ஒன்றாகப் போட்டால் 5 கிலோவாட் இழுக்கும் என்று வைப்போம். மொத்தம் 500. ஆனால் பொறியியலாளர் அங்கு 500 அளவில் ட்ரான்ஸ்போமர் போட மாட்டார். ஏன் எண்டால் 100 வீட்டாரும் ஒரே நிமிசத்தில் அயன் போட மாட்டார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி, அடுத்த வீட்டில் ரீவி, இன்னொரு வீட்டில் ஆக்கள் கோயிலுக்குப் போயிட்டினம். அதனால் 100 கே.வி.ஏ. போதும். இது கஞ்சத்தனம் இல்லை. உலகம் முழுக்க மின் விநியோகம் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. மனிசர் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்ய மாட்டார்கள்.

இப்போது அதே 100 வீட்டில் 30 வீடு 5 கிலோவாட் சோலார் பூட்டுகிறது. சூரியன் தேத்தண்ணி குடிக்கப் போகாது, கோயிலுக்கும் போகாது. மத்தியானம் 12 மணிக்கு 30 கூரையும் ஒன்றாக உற்பத்தி செய்யும். 150 கிலோவாட். அந்த நேரம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆக்கள் போன வீடுகள் 30 கிலோவாட்தான் இழுக்குது என்றால், மிச்சம் 120 அந்த 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்போமருக்குள்ளால் தலைகீழாக ஏற வேண்டும். அது போட்ட காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத திசை.

அதோடு வோல்ட் ஏறும். இலங்கையில் 230 வோல்ட்டிலிருந்து 6 வீதம் கூடலாம், 6 வீதம் குறையலாம். அதாவது ஏறக்குறைய 216 க்கும் 244 க்கும் இடையில். கம்பியின் நுனியில் இருக்கிற வீட்டுக்கு இரவு 7 மணிக்கும் போதிய வோல்ட் கிடைக்க வேண்டும் என்று ட்ரான்ஸ்போமரிலேயே கொஞ்சம் உயர்த்தி வைத்திருப்பார்கள். மத்தியானம் அந்த நுனி வீடு தானே கரண்டைத் தள்ளும்போது அங்கே வோல்ட் எல்லை தாண்டும். சோலாரின் இன்வேர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானாக நிற்கும். நல்ல வெயிலில் பனல் சும்மா கிடக்கும். இரவில் மங்கல் லைற்றோடு இருந்தவரும் நுனி வீட்டுக்காரர்தான், பகலில் சோலார் நின்று போகிறவரும் அவர்தான்.

முதலில் பூட்டியவருக்கு அனுமதி கிடைத்தது. இப்போது விண்ணப்பிக்கிறவருக்கு 'உங்கட ட்ரான்ஸ்போமரில் இனி இடமில்லை' என்ற பதில் வரக்கூடும். முதலில் பூட்டியவர்கள் யார்? கையில் காசோ வங்கிக் கடனுக்குத் தகுதியோ இருந்தவர்கள். இப்போது விலை இறங்கிய பிறகு வருகிறவர்கள் யார்? ஆசிரியர்கள், சின்னக் கடைக்காரர்கள், விவசாயிகள். பொதுக் கம்பியில் இருந்த வெற்றிடம் வரிசையில் முதலில் நின்றவர்களுக்குப் போய்விட்டது. இதைச் சட்டப் பிழை என்று சொல்ல முடியாது. நியாயமா என்று கேட்கலாம்.

ஒரு குரங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் 11 மணி கடந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உப நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகம் சிரித்தது.

குரங்கு தொடங்கி வைத்திருக்கலாம். நாடு முழுக்க விழுத்தியது வேறு. ஞாயிறு என்பதால் தொழிற்சாலை, அலுவலகம் இல்லை, தேவை குறைவு. நல்ல வெயில், சோலார் உச்சம். அதனால் நீர், அனல் நிலையங்களின் பெரிய சுழலிகள் பலவற்றை நிறுத்தி அல்லது குறைத்து வைத்திருந்தார்கள். பாரமான சில்லு ஒன்று வேகமாகச் சுற்றும்போது சின்னக் கல்லில் ஏறினாலும் அது உடனே நிற்காது. சுழலிகளின் அந்தப் பாரம்தான் கட்டமைப்பின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். இங்கு பூட்டியிருக்கிற சாதாரண சோலார் இன்வேர்ட்டரில் அந்தப் பாரம் கிடையாது. பாரம் இல்லாத நேரத்தில் கல்லில் ஏறினோம், விழுந்தோம். இரண்டு மாதம் கழித்து வந்த புத்தாண்டு வேண்டுகோள் இந்தப் பயத்தில் பிறந்தது. நீண்ட விடுமுறை என்றால் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் அடுத்தடுத்து வருகிற மாதிரி.

இனி எதைத் திட்டமிடுவது?

சோலார்தான் பிரச்சினை என்று சொல்கிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 2022 இல் டீசல் கப்பலுக்குக் காத்திருந்த நாடு, தன் கூரையில் இவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பது நல்ல செய்தி. பிழைத்தது ஒழுங்கு. பனலுக்கு விலை வைத்தார்கள், இலக்கு வைத்தார்கள், விளம்பரம் செய்தார்கள். கம்பிக்கு அதே வேகத்தில் திட்டம் வைக்கவில்லை.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. மத்தியானத்தில் மிஞ்சுவதை இரவு 6.30 இலிருந்து 10.30 வரையான உச்ச நேரத்துக்கு எடுத்துப் போகப் பற்றரி வேண்டும். அதை ஒவ்வொரு வீட்டிலும் வைக்கலாம், ட்ரான்ஸ்போமரடியில் ஊருக்குப் பொதுவாக வைக்கலாம், உப நிலையத்தில் பெரிதாக வைக்கலாம். முதலாவதில் பயன் காசுள்ளவருக்கு. இரண்டாவதில் கூரை இல்லாத வாடகை வீட்டாருக்கும் பங்கு இருக்கலாம். எங்கே வைப்பது என்பது பொறியியல் கேள்வி மட்டும் இல்லை எண்டு இதிலேயே விளங்கும்.

தேவையையும் நகர்த்தலாம். மத்தியானக் கரண்டை மலிவாக்கினால் மின்சார வாகனத்தை வேலைத்தலத்திலேயே சார்ஜ் போடுவார்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்து வந்து எல்லாரும் இரவு 7 மணிக்கு ஒன்றாகச் செருகுவார்கள், அதே 100 கே.வி.ஏ. ட்ரான்ஸ்போமர் மறுபக்கத்தால் திணறும். இணுவில், கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காரர் காலையும் மாலையும் கிணற்று மோட்டரைப் போடுகிறார். உச்சி வெயிலில் இறைத்தால் தண்ணீர் ஆவியாகும் என்று அவருக்குத் தெரியும். மத்தியானத்தில் தொட்டிக்கு ஏற்றி மாலையில் பாய்ச்ச வேண்டுமென்றால் தொட்டி கட்ட யாராவது உதவ வேண்டும். கட்டணத்தை மட்டும் மாற்றிவிட்டு அவரைக் குறை சொல்ல ஏலாது.

2024 இல் வந்த புதிய மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. அதைப் பற்றிய சண்டை பெரும்பாலும் அரசா தனியாரா என்பதில் நிற்கிறது. அது தேவையான சண்டைதான். ஆனால் விநியோகக் கம்பி யார் கையில் இருந்தாலும் சில கேள்விகள் மாறாது. எந்த ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதைச் சனம் பார்க்கக்கூடிய மாதிரி வெளியிடுவார்களா? பலப்படுத்தும் செலவைச் சோலார் வைத்தவர் கட்டுவதா, எல்லாருடைய பில்லிலும் போடுவதா? நிறுத்த வேண்டிய நாளில் யாருடைய பனலை முதலில் நிறுத்துவது, யாருக்கு ஈடு கொடுப்பது?

மின்கட்டணத்தை மாற்றும்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும். அங்கே போகிற ஆக்கள் குறைவு, தமிழில் எழுதிக் கொடுக்கிற ஆக்கள் அதைவிடக் குறைவு. பில் கூடுதா குறையுதா என்பதோடு எங்கள் கதை முடிந்துவிடும். அடுத்த முறை அழைப்பு வரும்போது, உங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமரின் பக்கத்தில் எழுதியிருக்கிற கே.வி.ஏ. இலக்கத்தைப் பார்த்து, அதில் எத்தனை வீடு, எத்தனை பனல் என்று எண்ணி, அந்தக் கணக்கோடு கேள்வியை எழுதி அனுப்புங்கோ. லக்சபானக் கம்பி எங்கே இறங்க வேண்டும் என்று லயத்து ஆக்களிடம் யாரும் கேட்கவில்லை. நெடுந்தீவிலும் கேட்கவில்லை. இந்த முறை கேட்காமலே சொல்லலாம்.